அறிவியல் கேள்வி–பதில்: ஆயிரம் ஊர்தி அலைகள், பல ஆன்டெனாக்கள்

சென்ற இதழில் ஐந்தாம் தலைமுறை அலைபேசியைப் பற்றி வெளியான கட்டுரையில் 'ஓஎஃப்டிஎம்', 'மைமோ' என்ற இரு சொற்களையும் விளக்காமல் கடந்து சென்றுவிட்டேன் என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான குறை. முன்னது தகவலைப் பல ஊர்தி அலைகளில், அதாவது தகவலைச் சுமந்து செல்லும் வானொலி அலைகளில், பிரித்து அனுப்பும் முறை. பின்னது அனுப்பும் முனையிலும் பெறும் முனையிலும் பல ஆன்டெனாக்களை அமைத்துப் பயன்கொள்ளும் முறை. இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை ஆகிய மூன்றும் இவ்விரண்டின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றைப் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரே ஊர்தி அலையில் வேகமாக அனுப்ப வேண்டிய தகவலை ஆயிரம் ஊர்தி அலைகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்புகிறார்கள் என்று எங்கள் பாடநூல் சொல்கிறது. மொத்த வேகம் இரண்டிலும் ஒன்றுதானே? பிரிப்பதால் என்ன ஆதாயம்?
— பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

மொத்த வேகம் மாறுவதில்லை என்பது சரி. மாறுவது, ஒவ்வொரு குறியீடும், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டும், காற்றில் நிற்கும் நேரம். ஆதாயம் முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை உங்கள் அலைபேசிக்கு ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. நேராக வருவது ஒன்று, எதிர்க்கட்டடத்தில் பட்டு வருவது ஒன்று, தொலைவிலுள்ள குன்றிலோ நீர்த்தொட்டியிலோ பட்டுச் சுற்றி வருவது இன்னொன்று என ஒரே அலையின் பல நகல்கள் வெவ்வேறு தாமதத்துடன் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் முழுவதையும் ஒரே ஊர்தி அலைக்குக் கொடுத்தால், ஒரு குறியீட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.05 மைக்ரோவினாடி, அந்த நேரத்தில் அலை கடப்பது 15 மீட்டர். இப்போது 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஓர் எதிரொலியை எண்ணிப் பாருங்கள். அது 1 மைக்ரோவினாடி பிந்தி வருகிறது. அதாவது, இப்போது வந்துகொண்டிருக்கும் குறியீட்டின்மேல் 20 குறியீடுகளுக்கு முன் போனதன் எதிரொலி விழுகிறது. இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம்மில் ஒரு குறியீட்டின் நேரம் 3.7 மைக்ரோவினாடி என்பதால், சில குறியீடுகள் அளவுக்கே குழப்பம் நேர்ந்தது. அதைக் கணக்கிட்டு நீக்க முடிந்தது. வேகம் கூடக் கூட அந்தக் கணக்கு கைமீறிப் போகிறது.

அதே 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 4ஜியின் எல்டிஇ முறை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1200 துணை ஊர்தி அலைகளாக, அதாவது சப்கேரியர்களாக, வகுத்துக்கொள்கிறது. ஓரங்களில் சிறிது பட்டை காலியாக விடப்படுகிறது. ஒவ்வொரு சப்கேரியரிலும் ஒரு குறியீடு 66.7 மைக்ரோவினாடி நிற்கிறது. அந்த நீளத்துக்கு முன் 1 மைக்ரோவினாடித் தாமதம் மிகச் சிறியது.

கல்மண்டபம் ஒன்றில் தவிலும் நாதஸ்வரமும் ஒலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தவிலின் சொற்கட்டுகள் வேகமாக விழும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அடுத்த சொல்லின்மேல் ஏறி இரண்டையும் குழப்பிவிடும். நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாலோ, திரும்பி வரும் எதிரொலியும் அதே ஸ்வரமாகவே இருக்கிறது. அது மூல ஒலியோடு சேர்ந்து அதைச் சற்று வலுவாக்கலாம், சற்று மெலிவாக்கலாம், ஆனால் ஸ்வரத்தை மாற்றுவதில்லை. பல ஊர்தி அலை முறையின் உயிர்நாடி இந்த ஒரே உண்மைதான். நீண்டு நிற்கும் ஒரு தூய சைன் அலைக்கு எத்தனை எதிரொலிகளைக் கூட்டினாலும் கிடைப்பது அதே அதிர்வெண் கொண்ட சைன் அலைதான். வீச்சும், அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதைக் குறிக்கும் கட்டமும் மட்டுமே மாறும். அந்த மாற்றத்தை ஒரு வகுத்தலால் சரிசெய்துவிடலாம். நூற்றுக்கணக்கான குறியீடுகளைப் பின்னோக்கிப் பார்த்து எதிரொலியை நீக்கும் வேலை, சப்கேரியருக்கு ஒரு வகுத்தலாகச் சுருங்கிவிடுகிறது.

சில சப்கேரியர்களில் எதிரொலி எதிர்க்கட்டத்தில் வந்து சேர்ந்து அலையை ஏறத்தாழ அழித்துவிடும் என்பதும் உண்மையே. 1 மைக்ரோவினாடித் தாமதமுள்ள வலுவான எதிரொலி ஒவ்வொரு 1 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். அதனால்தான் தகவலைப் பிழைதிருத்தக் குறிமுறையால் சுற்றிக் கட்டி, பட்டை முழுவதும் கலைத்துப் பரப்பி அனுப்புகிறார்கள். பள்ளத்தில் விழுந்த பிட்டுகளை மேட்டில் நின்ற பிட்டுகள் மீட்டுத் தருகின்றன.

அடுத்தடுத்த சப்கேரியர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன, ஆனாலும் குறுக்கீடு இல்லை என்கிறார்கள். 'செங்குத்து' என்ற சொல்லை இங்கே எப்படிப் புரிந்துகொள்வது? வகுப்பில் எளிமையாகச் சொல்ல வழி உண்டா?
— பள்ளி இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பன்னிரண்டாம் வகுப்புத் தொகையிடலே போதும். சைன் 2θ, சைன் 3θ ஆகியவற்றைப் பெருக்கி 0 முதல் 2π வரை தொகையிடச் சொல்லுங்கள், விடை பூச்சியம். சைன் 2θ-வை அதனாலேயே பெருக்கித் தொகையிட்டால் π வரும். வடிவியலில் செங்குத்தாக நிற்கும் இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் பூச்சியமாவது போலவே, குறித்த கால அளவில் முழு எண்ணிக்கைச் சுற்றுகளை முடிக்கும் இரு வேறு அலைகளின் பெருக்கற்கூட்டலும் பூச்சியமாகிறது. 'செங்குத்து' என்பதற்கு இங்கே இதற்கு மேல் பொருள் இல்லை.

முன் சொன்ன எண்களைப் பாருங்கள்: 15 கிலோஹெர்ட்ஸை 66.7 மைக்ரோவினாடியால் பெருக்கினால் சரியாக 1 வருகிறது. ஒரு குறியீட்டின் நேரத்துக்குள் அடுத்த சப்கேரியர் இதைவிடச் சரியாக ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி முடிக்கிறது. ஆகவே பெறுநர் தனக்கு வேண்டிய சப்கேரியரால் பெருக்கிக் கூட்டும்போது மற்ற 1199-ம் தாமாகவே பூச்சியமாகிவிடுகின்றன. அதிர்வெண் அச்சில் பார்த்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் கிடக்கின்றன. ஒன்றின் உச்சி இருக்கும் இடத்தில் மற்றவை எல்லாம் பூச்சியத்தைக் கடக்கின்றன, அவ்வளவே. பழைய முறையில் வானொலி நிலையங்களுக்கு இடையே விடுவது போன்ற காலி இடைவெளி இங்கே வேண்டியதில்லை.

இந்தக் கருத்தைப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் 1966-இலேயே கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் நூற்றுக்கணக்கான அலையாக்கிகளையும் வடிகட்டிகளையும் வரிசையாக அடுக்கி ஒரு கருவி செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. 1971-இல் வைன்ஸ்டைன், எபர்ட் ஆகிய இருவரும் இந்த வேலை முழுவதையும் தனித்த ஃபூரியர் மாற்றம் என்ற ஒரே கணக்கால் செய்துவிடலாம் என்று காட்டினார்கள். அதை விரைவாகச் செய்யும் வழியை கூலி, டூக்கி இருவரும் 1965-இலேயே வெளியிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் மலிவான சில்லுகள் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990-களில்தான் தொலைபேசிக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல் இணைப்பும், ஐரோப்பாவின் எண்முறை வானொலியும் இதை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. 1999-இல் வைஃபையின் 802.11ஏ தரம் இதை ஏற்றுக்கொண்டது.

ஒரு நுட்பத்தை மட்டும் வகுப்பில் விட்டுவிடாதீர்கள். பெருக்கற்கூட்டல் பூச்சியமாக வேண்டுமானால் எதிரொலியும் கணக்கிடும் நேரத்துக்குள் முழுச் சுற்றுகளாக இருக்க வேண்டும். பிந்தி வந்த எதிரொலியின் முன்பகுதியில் முந்தைய குறியீட்டின் வால் ஒட்டியிருக்குமே! அதைத் தவிர்க்க இடையில் மௌனம் விட்டால் போதும் என்றுதான் நானும் மாணவப் பருவத்தில் நெடுநாள் எண்ணியிருந்தேன். மௌனம் விட்டால் முந்தைய குறியீட்டின் குழப்பம் நீங்கும். ஆனால் எதிரொலியின் தொடக்கத்தில் வெறுமை இருப்பதால் அதன் சுற்று முழுமையடையாது, செங்குத்துத்தன்மை உடையும். எனவே, 1980-இல் பெலட், ரூயிஸ் இருவரும் காட்டியபடி, குறியீட்டின் கடைசிப் பகுதியை நகலெடுத்து அதன் முன்னால் ஒட்டுகிறார்கள். இதற்குச் சுழல் முன்னொட்டு என்று பெயர். நாதஸ்வரம் ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே பிடிக்கத் தொடங்க, கேட்பவர் எதிரொலிகள் எல்லாம் வந்து கலந்த பிறகே செவிகொடுப்பது போன்றது இது. எல்டிஇ-யில் இதன் நீளம் ஏறத்தாழ 4.7 மைக்ரோவினாடி, 1.4 கிலோமீட்டர் வரை சுற்றி வரும் எதிரொலிகளை அது தாங்கும். 1 மில்லிவினாடியில் 14 குறியீடுகள் போகின்றன, 14-ஐ 66.7-ஆல் பெருக்கினால் 933 மைக்ரோவினாடிதான் வரும். எஞ்சிய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் இந்த முன்னொட்டுக்கு நாம் செலுத்தும் விலை.

சில அலைபேசிகளில் '4ஜி+' என்று தெரிகிறது. அதுதான் இந்தப் பல ஊர்தி அலை முறையா?
— அலைபேசி பழுதுநீக்கும் கடை நடத்துபவர், மதுரை

இல்லை. அது கேரியர் அக்ரிகேஷன். அதாவது, நிறுவனத்திடம் உள்ள வெவ்வேறு அலைப்பட்டைகளை, சான்றாக 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு துண்டையும் 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு துண்டையும், ஒரே அலைபேசிக்குச் சேர்த்துக் கொடுப்பது. அந்தத் துண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான சப்கேரியர்கள் தனியாக இயங்குகின்றன. இரண்டையும் 'கேரியர்' என்றே அழைப்பதால் வரும் குழப்பம் இது.

ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால் இரண்டும் கெடும் என்பது எங்கள் காலத்துப் பால பாடம். மைமோவில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், வெவ்வேறு தகவலை அனுப்புகின்றனவாம். அது எப்படிக் கெடாமல் இருக்கிறது?
— ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர், திருச்சி

கலக்கத்தான் செய்கிறது, ஐயா. உங்கள் பால பாடம் இன்றும் உண்மை. மாறியது ஒன்றுதான்: பெறும் முனையிலும் இப்போது இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன.

முதல் ஆன்டெனா 3 என்ற எண்ணையும் இரண்டாவது 5 என்ற எண்ணையும் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெறும் முனையின் முதல் ஆன்டெனாவுக்கு முதல் எண் இரு மடங்காகவும் இரண்டாவது எண் ஒரு மடங்காகவும் கலந்து 11 கிடைக்கிறது. அடுத்த ஆன்டெனாவுக்கு முதல் எண் ஒரு மடங்காகவும் இரண்டாவது மும்மடங்காகவும் கலந்து 18 கிடைக்கிறது. இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள். பள்ளியில் செய்த ஒருங்கமை சமன்பாட்டுக் கணக்கு. 11, 18 என்ற இரண்டு கலவைகளிலிருந்தும் 3, 5 என்ற மூல எண்களைப் பிரித்தெடுத்துவிடலாம். கலவையின் கெழுக்களைப் பெறுநர் எப்படி அறிவார் என்றால், முன்பே இருதரப்புக்கும் தெரிந்த வழிகாட்டிக் குறியீடுகளை ஒவ்வொரு ஆன்டெனாவும் தனித்தனியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை எவ்வாறு மாறி வருகின்றன என்பதைப் பார்த்து, இந்தக் கெழுக்களை அடுக்கிய அணியின் உறுப்புகளை மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு எப்போது தோற்கும்? இரண்டாம் ஆன்டெனாவுக்குக் கிடைத்த கலவையும் முதலாவதன் இரு மடங்காகவே, 22 என்று வந்தால், அது புதிய செய்தி எதையும் சொல்லவில்லை. அணிக்கோவை பூச்சியம், அணித்தரம் 1. திறந்த வெளியில், தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து ஒரே நேர்வழியில் அலை வரும்போது இதுதான் நேர்கிறது. சுற்றிலும் கட்டடங்கள் இருந்து, அலை பல திசைகளிலிருந்தும் சிதறி வந்தாலோ, சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஆன்டெனாவுக்குக்கூட வேறொரு கலவை கிடைக்கிறது. அரை அலைநீளம் தள்ளியிருந்தால் பெரும்பாலும் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6 சென்டிமீட்டர். வானொலிப் பொறியாளர்கள் பல தலைமுறையாகப் பகையாகக் கருதிய எதிரொலிதான் இங்கே சமன்பாடுகளை வேறுபடுத்திக் கொடுக்கிறது. இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இந்தத் திருப்பமே. திறந்த வெளியிலும் இரண்டு தொடர்களை அனுப்ப ஒரு வழி உண்டு: கோபுர ஆன்டெனாக்களை இடமும் வலமுமாக 45 பாகை சாய்த்து, இரு வேறு தளவிளைவுகளில், அதாவது அலை அதிரும் இரு வேறு தளங்களில், அனுப்புகிறார்கள்.

ஆற்றலைக் கூட்டுவதோடு இதை ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும். ஷானன் 1948-இல் தந்த சூத்திரத்தின்படி, குறிப்பலை இரைச்சலைவிட 100 மடங்கு வலுவாக இருந்தால் ஒரு ஹெர்ட்ஸில் வினாடிக்கு 6.7 பிட்டுகள் வரை அனுப்பலாம். ஆற்றலை இரட்டித்தால் அது 7.7 ஆகும், கிடைப்பது ஒரே ஒரு பிட்டு. ஆற்றலை இரட்டிக்காமல், இருப்பதையே இரண்டாகப் பிரித்து இரு ஆன்டெனாக்களில் அனுப்பி, அவற்றை முழுமையாகப் பிரித்தெடுக்கவும் முடிந்தால் 11.3 பிட்டுகள் கிடைக்கும். இது இலட்சிய நிலைக் கணக்கு. நடைமுறையில் சற்றுக் குறையும். ஆயினும் வளர்ச்சியின் போக்கே வேறு என்பதைப் பாருங்கள்.

இதன் வரலாற்றில் நமக்கு நேரடியான பங்கு உண்டு. பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, கப்பல்களுக்கான 'அப்சோ' என்ற சோனார் கருவியின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஒரே அதிர்வெண்ணில் பல தகவல் தொடர்களைப் பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1992-இல் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமை கோரினார். அது 1994-இல் வழங்கப்பட்டது. நீங்கள் எழுப்பிய அதே ஐயத்தைத்தான் அன்றைய வல்லுநர் பலரும் எழுப்பினார்கள். 1995-இல் தெலாத்தரும் 1996-இல் ஃபாஸ்கினியும் பெல் ஆய்வகத்திலிருந்து கொடுத்த கணித ஆதாரங்கள் ஐயத்தைப் போக்கின. 2014-இன் மார்க்கோனி பரிசு பால்ராஜுக்கு வழங்கப்பட்டது. கடலுக்கடியில் பல திசைகளிலிருந்து வரும் ஒலியைப் பல உணரிகளால் பிரித்தறியும் சோனார் கலைக்கும், காற்றில் பல வழியாக வரும் அலையைப் பிரித்தறியும் இந்தக் கலைக்கும் அடிப்படைக் கணிதம் ஒன்றே என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பல ஊர்தி அலை முறையும் பல ஆன்டெனா முறையும் எப்போதும் இணைந்தே வருகின்றனவே, அது தற்செயலா?
— முதுநிலைப் பொறியியல் மாணவர், சென்னை

தற்செயல் அன்று. மேலே சொன்ன 2, 1, 1, 3 என்ற நான்கு கெழுக்களும் வெறும் எண்களாக இருந்ததால்தான் கணக்கு எளிதாக முடிந்தது. அகன்ற பட்டையில் ஒரே ஊர்தி அலையை அனுப்பினால், ஒவ்வொரு ஆன்டெனா இணைக்கும் இடையே ஒரே எண் இருக்காது. நீண்ட எதிரொலித் தொடர் ஒன்று இருக்கும். பெறுநர் ஆன்டெனாக்களுக்கு இடையே உள்ள கலப்பையும் முன்பின் குறியீடுகளுக்கு இடையே உள்ள கலப்பையும் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கும். சப்கேரியர்களாகப் பிரித்தவுடன், முன் சொன்னபடி, ஒவ்வொன்றிலும் எதிரொலியின் விளைவு, வீச்சையும் கட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரே ஒரு சிக்கலெண்ணாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே சப்கேரியருக்கு ஒரு சிறிய அணி போதும்.

அளவை எண்ணிப் பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ-யில் 1200 சப்கேரியர்கள்; மில்லிவினாடிக்கு 14 குறியீடுகள். இரண்டுக்கு இரண்டு மைமோவில் மில்லிவினாடிக்கு 16,800 இடங்கள். வினாடிக்கு 1 கோடியே 68 லட்சம். அவற்றில் வழிகாட்டிக்கும் கட்டுப்பாட்டுக்கும் போனவை நீங்கலாக, மற்ற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய ஒருங்கமை சமன்பாட்டுக் கணக்கை உங்கள் சட்டைப்பையிலுள்ள சில்லு தீர்த்துக்கொண்டிருக்கிறது. கணக்குகள் எண்ணற்றவை, ஆனால் ஒவ்வொன்றும் எளியது. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதுமில்லை.

வைஃபையின் வளர்ச்சியில் இதைக் கண்கூடாகக் காணலாம். 802.11ஏ தரத்தில் தகவலைச் சுமப்பவை 48 சப்கேரியர்கள். ஒவ்வொன்றிலும் 6 பிட்டுகள், அவற்றில் நான்கில் மூன்று பங்கு உண்மைத் தகவல், 4 மைக்ரோவினாடிக்கு ஒரு குறியீடு. பெருக்கி வகுத்தால் வினாடிக்கு 54 மெகாபிட்டுகள். 2009-இல் வந்த 802.11என் தரத்தில் பட்டை இரட்டித்து 108 சப்கேரியர்கள், தகவல் பங்கு ஆறில் ஐந்து, குறியீட்டின் நேரம் 3.6 மைக்ரோவினாடி, ஒரு தொடருக்கு 150 மெகாபிட்டுகள். நான்கு ஆன்டெனாக்களில் நான்கு தொடர்கள் அனுப்பினால் 600. ஒரே பட்டையில் நான்கு மடங்கு பெற்றது மைமோவால் மட்டுமே.

எங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரில் நான்கு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. இணைய வேகம் நான்கு மடங்கு கிடைக்க வேண்டுமல்லவா?
— இல்லத்தரசி, கோவை

தொடர்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது இரு முனைகளில் எதில் ஆன்டெனா குறைவோ அதுதான். அலைபேசிகளில் வைஃபைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனாக்களே இருப்பதால், உங்கள் இணைப்பு இரண்டு தொடர்களுக்கு மேல் போகாது. மேலும், வீட்டுக்கு வரும் இணைப்பின் வேகத்தை எந்த ஆன்டெனாவும் கூட்ட முடியாது. ஆயினும் மற்ற இரண்டும் வீணில்லை: ஒன்றுக்கு அலை மங்கும் இடத்தில் மற்றொன்றுக்குத் தெளிவாக இருக்கக்கூடும் என்பதால் இணைப்பு அறுபடாமல் நிற்கும்; புதிய ரவுட்டர்கள் அலையை உங்கள் அலைபேசி இருக்கும் பக்கம் குவித்து அனுப்பவும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. எல்லா ஆன்டெனாக்களையும் ஒரே போக்கில் நிமிர்த்தி வைக்காமல் ஒன்றிரண்டைச் சாய்த்து வையுங்கள். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள்.

ஓஎஃப்டிஎம் முறையின் குறைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
— மின்னணுவியல் விரிவுரையாளர், சேலம்

பேசப்பட வேண்டியவை இரண்டு. முதலாவது உச்ச ஆற்றல். 1200 சைன் அலைகளைக் கூட்டும்போது அவை பெரும்பாலும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். எப்போதாவது பல அலைகளின் முகடுகள் ஒரே கணத்தில் சேர்ந்துவிடும். நூறு குறியீடுகளில் சிலவற்றிலாவது உச்ச ஆற்றல் சராசரியைப் போலப் பத்து மடங்கைத் தாண்டுகிறது. அந்த உச்சத்தைச் சிதைக்காமல் பெருக்க வேண்டுமானால், ஆற்றல் பெருக்கியை அதன் முழுத் திறனுக்கு வெகு கீழே இயக்க வேண்டும். மின்சாரம் வெப்பமாக வீணாகும். கோபுரம் இதைத் தாங்கும், மின்கலத்தில் ஓடும் அலைபேசி தாங்காது. அதனால்தான் எல்டிஇ வடிவமைப்பாளர்கள் கோபுரத்திலிருந்து அலைபேசிக்கு வரும் திசையில் ஓஎஃப்டிஎம்மையும், அலைபேசியிலிருந்து போகும் திசையில் ஒற்றை ஊர்தி அலையின் இயல்பைப் பெருமளவு காத்துக்கொள்ளும் எஸ்சி-எஃப்டிஎம்ஏ முறையையும் வைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று. ஒரே இணைப்பின் இரு திசைகளுக்கும் இரு வேறு தேவைகள் உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, அதிர்வெண் நழுவல். செங்குத்துத்தன்மை முழுச் சுற்றுகளை நம்பியிருப்பதால், அதிர்வெண் சிறிது நகர்ந்தாலும் பக்கத்துச் சப்கேரியர்கள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். 2 கிகாஹெர்ட்ஸில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்தில் டாப்ளர் விளைவால் வரும் நகர்வு சுமார் 220 ஹெர்ட்ஸ். 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அது ஒன்றரை விழுக்காடுதான், தாங்கிவிடலாம். அதிர்வெண் உயர உயர நகர்வும் அதே விகிதத்தில் உயரும் என்பது, 5ஜி 30, 60, 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிகளையும் சேர்த்துக்கொண்டதற்கான காரணங்களில் ஒன்று.

எங்கள் ஊர்க் கோபுரத்தில் 5ஜி வந்தபோது நீண்ட ஆன்டெனாக்களோடு தடித்த பெட்டி ஒன்றையும் மாட்டினார்கள். அதற்குள் என்ன இருக்கிறது?
— விவசாயி, ஈரோடு மாவட்டம்

அநேகமாகப் பல டஜன் சிறிய ஆன்டெனாக்களும், அவற்றைத் தனித்தனியே இயக்கும் மின்சுற்றுகளும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முதன்மையாகப் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் அரை அலைநீளம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. எனவே 64 தனித்தனி அனுப்பு சுற்றுகள் கொண்ட அமைப்பைக்கூட ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடலாம். ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் புறப்படும் அலையின் கட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், அலைகள் எல்லாம் உங்கள் அலைபேசி இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, பக்கத்துத் தெருவிலிருப்பவரிடம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்யலாம். அவருக்கு உரிய தகவலையும் அதே நேரத்தில், அதே அதிர்வெண்ணில், எதிர்மாறான ஏற்பாட்டோடு அனுப்பலாம். இங்கே ஒருங்கமை சமன்பாட்டை அலைபேசி தீர்க்க வேண்டியதில்லை. கோபுரமே முன்கூட்டித் தீர்த்துவிட்டு அனுப்புகிறது.

அலைபேசி இருக்கும் வழியை அது அறிவது எப்படி? போகும் திசைக்கும் வரும் திசைக்கும் ஒரே அதிர்வெண்ணை மாறி மாறிப் பயன்படுத்துவதால், உங்கள் அலைபேசி அனுப்பும் வழிகாட்டிக் குறியீடு எந்தெந்த வழியாக வந்ததோ, அந்த வழிகளே திரும்பிப் போவதற்கும் பொருந்தும். தாமஸ் மார்செட்டா 2010-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பயனர்களைவிடப் பல மடங்கு உயர்த்தினால் இரைச்சலும் குறுக்கீடும் எவ்வாறு தாமாகவே சராசரியில் மறைகின்றன என்று காட்டியது. உங்கள் ஊர்ப் பெட்டி அந்தக் கருத்தின் வழிவந்தது.

இவற்றை முறையாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?
— பட்டயப் படிப்பு மாணவர், நாகர்கோவில்

பண்பேற்ற வகைகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். சிக்கலெண், அணியின் நேர்மாறு, அணித்தரம், ஃபூரியர் மாற்றம் ஆகிய நான்கையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவற்றில் முதல் மூன்று பள்ளியிலேயே தொட்டவைதான். பிறகு கணினியில் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். 64 குறியீடுகளை எடுத்து நேர்மாறு ஃபூரியர் மாற்றம் செய்து, கடைசி 16 மாதிரிகளை நகலெடுத்து முன்னால் ஒட்டி, அப்படி உருவாக்கிய சில தொகுதிகளை வரிசையாகக் கோர்த்துவிடுங்கள். அந்த முழுத் தொடரையும் 10 மாதிரிகள் தாமதப்படுத்தி, பாதி வீச்சுடன் அதனோடேயே கூட்டுங்கள். அதுதான் உங்கள் எதிரொலி. ஒவ்வொரு தொகுதியிலும் முன்னொட்டை வெட்டிவிட்டு ஃபூரியர் மாற்றம் செய்து, சப்கேரியருக்கு ஒரு வகுத்தல் செய்தால், அனுப்பிய 64 எண்களும் பிசகாமல் திரும்பி வரும். அடுத்து, தாமதத்தை 10-லிருந்து 20-ஆக மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். முன்னொட்டைத் தாண்டிய எதிரொலி என்ன செய்கிறது என்பது திரையில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு இரண்டு ஆன்டெனாக்களைச் சேர்க்கலாம்.